டிரைவரும் ஷாஃப்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலை கோல்ஃப் மைதானத்தில், ஆட்டம் தொடங்கும் முதல் டீயில் வரிசையில் நிற்கும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டிரைவரில்தான், அதாவது பந்தை வெகுதூரம் அடிக்கும் அந்த நீள மட்டையில்தான், வந்து நிற்கும். யார் புதிதாக என்ன வாங்கினார், எத்தனை யார்டு போகிறது, ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) ஆரா எஸ்ஸா, அதாவது சாதாரண விறைப்பா கூடுதல் விறைப்பா. அந்தப் பேச்சில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் கிளப் செய்கிறவனும் அல்ல, கோச்சும் அல்ல. ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 14-ஐச் சுற்றிச் சுற்றி வரும் ஆள். பொருந்தாத டிரைவரோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிய அனுபவம் மட்டும் உண்டு.

இந்தப் பக்கத்தில் கிளப் என்றால் கையில் பிடிக்கும் மட்டை. மெம்பர்ஷிப் வாங்கும் கிளப் அல்ல. இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்குச் சொன்னது. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எது, ஹெட்டா (மட்டையின் தலை) ஷாஃப்டா?

இரண்டும் இல்லை. பந்து டிரைவரின் முகத்தில் (பந்தைத் தொடும் பக்கம்) எங்கே படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது தெரியாமல் ஷாஃப்ட் தேடுவது, பல் வலிக்குக் கண்ணாடி மாற்றுவது போல.

என் கதையைச் சொல்கிறேன். கடையில் வலைக்குள் நாலு பந்து அடித்ததும், “சார், உங்க ஸ்பீடுக்கு எஸ்தான் சரி” என்றார்கள். காது குளிர்ந்தது, வாங்கிவிட்டேன். மைதானத்தில் பந்து கிளம்பும்போது நேராகக் கிளம்பும். போகப் போக அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடும். ஷாஃப்ட் கடினமாகிவிட்டது என்று நினைத்து ஆர் வாங்கினேன். அதே அரிவாள். ஒருநாள் பயிற்சி ரேஞ்சில் வயதான கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உதவுகிறவர்) ஒருவர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, டிரைவரின் முகம் முழுக்கப் படுக்கவைத்துத் தேய்த்தார். பத்து பந்து அடிக்கச் சொன்னார். வெள்ளைப் பரப்பில் பந்து பட்ட இடம் வட்டமாகத் துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. பத்தில் ஏழு வட்டம் ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஓரத்தில். “ஷாஃப்ட்ட விடுங்க சார். ஒரு இன்ச் கீழ புடிச்சு அடிங்க” என்றார். அடித்தேன். வட்டங்கள் நடுவை நோக்கி நகர்ந்தன, அரிவாளும் பாதியாக நிமிர்ந்தது. இரண்டு ஷாஃப்டுக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாக்பீஸ் இல்லையென்றால் பந்தின் பின்புறத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் தடிப்பாக ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் கிளப் படும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) வையுங்கள். முகத்தில் அச்சு விழும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

பட்ட இடம் ஓரமாக இருந்தால் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம், இரண்டு வகையில்.

ஒன்று, வேகம். பந்தின் வேகத்தை ஹெட்டின் வேகத்தால் வகுத்தால் வருவதை ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். டிரைவரில் நடுவில் பட்டால் 1.48 வரை வரும், 1.50 கிட்டத்தட்ட உச்சம். மணிக்கு 90 மைல் வேகத்தில் சுற்றுகிறவருக்கு 1.48 என்றால் பந்து 133 மைலில் போகிறது. ஓரத்தில் பட்டு 1.38 ஆனால் 124 மைல். பந்து வேகத்தில் ஒரு மைல் என்பது தோராயமாக இரண்டு யார்டு. ஆக, அதே ஸ்விங்கில் 18 யார்டு காணாமல் போகிறது. எந்த ஷாஃப்டும் இதைத் திருப்பித் தராது.

இரண்டு, சுழற்சி. டிரைவர் ஹெட்டின் எடை மையம் முகத்திலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. பந்து ஓரத்தில் பட்டால் ஹெட் ஒரு பக்கம் திரும்பும். கோத்துக்கொண்ட இரண்டு பல்சக்கரங்கள் போலப் பந்து அதற்கு எதிர்ப்பக்கம் சுழலும். இதைத்தான் கியர் எஃபெக்ட் என்பது. ஹீலில் பட்டால் பந்து வலப்பக்கம் வளையும், நுனியில் பட்டால் இடப்பக்கம். முகத்தின் மேல்பகுதியில் பட்டால் உயரமாகக் கிளம்பிப் பின்சுழற்சி குறையும். கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பிச் சுழற்சி கூடும். டிரைவர் முகம் தட்டையாக இல்லாமல் லேசாக உப்பியிருப்பதும் இதற்காகத்தான்: ஓரத்தில் பட்ட பந்து கொஞ்சம் வெளியே கிளம்பி, சுழற்சியால் உள்ளே வளைந்து வரட்டும் என்று.

டிரைவரின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கடையில் தொங்குவது பெரும்பாலும் 45.5 அல்லது 45.75 அங்குலம். நீளம் கூடினால் ஹெட் வேகம் கூடும், பந்து தூரம் போகும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், நடுவில் பட்டால்.

மரத் தலையும் இரும்பு ஷாஃப்டும் இருந்த காலத்தில் டிரைவர் 43 அங்குலம்தான். அந்த மரம் பெர்சிமன். நம்மூர்க் கருங்காலிக்குச் சொந்தக்கார மரம் என்பது கூடுதல் தகவல். 2000 வாக்கில் எதிராளிகளைத் திணறடித்துக்கொண்டிருந்த டைகர் உட்ஸ் கையில் இருந்தது 43.5 அங்குல இரும்பு ஷாஃப்ட் டிரைவர். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களிலும் பலர் 45 அங்குலத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறவர்களே குட்டையாக வைத்துக்கொள்ளும்போது, வாரம் ஒருமுறை ஆடும் நமக்கு எதற்கு அதைவிட நீளம்? இந்த விஷயத்தில் எனக்குக் கடைக்காரர்கள் மேல் வருத்தம் உண்டு. நீளமான டிரைவர் வலைக்குள் அடிக்கும்போது திரையில் ஒரு பெரிய எண்ணைக் காட்டிவிடும்; அந்த ஓர் எண்தான் விற்பனை.

விதிப்படி டிரைவர் 48 அங்குலம் வரை இருக்கலாம். ஃபில் மிக்கெல்சன் 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை 50 வயதில் வென்றபோது வைத்திருந்தது 47.9 அங்குலம். 2022 ஜனவரியிலிருந்து உயர்மட்டப் போட்டிகளில் மட்டும் 46 அங்குலம் என்று வரம்பு வைத்துக்கொள்ள ஒரு உள்ளூர் விதி வந்தது. வார இறுதி ஆட்டத்துக்கு அது பொருந்தாது.

அப்படியானால் என் டிரைவரை வெட்டிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே மெல்லிய டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நாலைந்து ரவுண்ட் அதற்குக் கீழேயே பிடித்து ஆடிப் பாருங்கள். வட்டங்கள் நடுவுக்கு வந்தால் அப்புறம் வெட்டலாம்.

வெட்டும்போது ஒன்று நடக்கும்: ஹெட் லேசாகிவிட்டது போலத் தோன்றும். ஸ்விங் வெயிட் என்று ஓர் அளவு இருக்கிறது; கிளப்பை வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு பாரமாகத் தெரிகிறது என்பதற்கான எண். அரை அங்குலம் குறைத்தால் இது சுமார் மூன்று புள்ளி இறங்கும். ஒரு புள்ளியை மீட்க ஹெட்டில் ஏறக்குறைய 2 கிராம் வேண்டும். ஆக, ஒரு அங்குலம் வெட்டினால் 12 கிராம். ஈய டேப் ஒட்டலாம், இல்லை ஹெட்டின் திருகு எடையைக் கனமானதாக மாற்றலாம். இதைச் செய்யாமல் வெறுமனே வெட்டிவிட்டு, “கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது” என்று புலம்புகிறவர்கள் நிறைய.

லாஃப்ட் எத்தனை டிகிரி?

லாஃப்ட் என்பது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். இங்கேதான் கௌரவப் பிரச்சினை. 9 டிகிரி டிரைவர் வைத்திருப்பவர் நல்ல ஆட்டக்காரர், 12 வைத்திருப்பவர் கற்றுக்குட்டி என்று எங்கிருந்தோ ஒரு எண்ணம் வந்துவிட்டது. பிரைசன் டிசாம்போ 2020 யுஎஸ் ஓப்பனை 5.5 டிகிரி டிரைவரோடு வென்றார். அவர் ஸ்விங் வேகம் நம்மிடம் இல்லை.

வேகம் குறைவாக இருப்பவருக்குப் பந்தைக் காற்றில் நிறுத்திவைக்க உயரமும் சுழற்சியும் தேவை. பந்தின் பயணத்தை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் கம்பெனி சில வருடம் முன்பு வெளியிட்ட சராசரிகளைப் பாருங்கள். பிஜிஏ டூர் ஆண்கள்: ஹெட் வேகம் மணிக்கு 113 மைல், பந்து கிளம்பும் கோணம் 10.9 டிகிரி, காற்றிலேயே போகும் தூரம் 275 யார்டு. எல்பிஜிஏ பெண்கள்: 94 மைல், 13.2 டிகிரி, 218 யார்டு. நம்மில் பெரும்பாலான ஆண்களின் வேகம் அந்தப் பெண்களின் வேகம்தான், அல்லது அதற்கும் கீழே. அப்படியிருக்க, நாம் காப்பியடிக்க வேண்டியது யாரை?

90 மைல் பக்கம் இருப்பவர் 10.5-இல் தொடங்கி 12 வரை முயலலாம். 80 மைலுக்குக் கீழே என்றால் 12 அல்லது 13-ஐக் கூசாமல் எடுங்கள். ஹெட்டில் பொறித்திருக்கும் எண்ணும் உண்மையான லாஃப்டும் ஒரு டிகிரி வரை முன்பின் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து எப்படிப் பறக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள், எண்ணைப் பார்த்து வேண்டாம்.

அட்டாக் ஆங்கிள் என்கிறார்களே, அது என்ன?

பந்தைத் தொடும் நொடியில் ஹெட் இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஏறிக்கொண்டிருக்கிறதா என்பது. தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் இரும்பு மட்டையான அயர்னில் இறங்க வேண்டும். டிரைவரில் பந்து டீ மேல் இருப்பதால் ஏறும்போது அடிப்பது நமக்கு நல்லது. 90 மைல் வேகத்தில் 5 டிகிரி இறக்கத்தில் அடிப்பவருக்கும் 5 டிகிரி ஏற்றத்தில் அடிப்பவருக்கும் 20 யார்டுக்கு மேல் வித்தியாசம் வரும். மேலே சொன்ன எல்பிஜிஏ சராசரியில் 3 டிகிரி ஏற்றம். ஆண்கள் டூரில் ஒரு டிகிரி போல இறக்கம். அவர்களிடம் வேகம் மிச்சம் இருக்கிறது, தாங்கும்.

டிரைவர் வாங்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியது: பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். டீயை, கிளப்பை வைத்தால் ஹெட்டுக்கு மேலே பாதிப் பந்து தெரியும் உயரத்துக்கு உயர்த்துங்கள். இதைச் சரிசெய்த பிறகு ஃபிட்டிங்குக்கு (நம் ஸ்விங்கை அளந்து பொருந்தும் கிளப்பைத் தேர்ந்தெடுப்பது) போனால் வேறு லாஃப்ட், வேறு ஷாஃப்ட் வரும். சரிசெய்யாமல் போனால் உங்கள் தப்புக்கு ஏற்ற டிரைவரை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

ஷாஃப்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சமாக. எல் மிக நெகிழ்வானது, எக்ஸ் மிக விறைப்பானது. அந்த வரிசை மட்டும் உறுதி. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆர் அளவுக்கு வளையலாம். இத்தனை விறைப்புக்குத்தான் எஸ் போட வேண்டும் என்று தொழில் முழுவதற்கும் பொதுவான தர அளவு கிடையாது. செருப்புக் கடையில் ஒரு பிராண்டில் 8, இன்னொன்றில் 9 என்று வாங்குகிறோமே, அதே கதை.

தொடங்குவதற்கு ஒரு தோராயம் வேண்டுமென்றால்: 72 மைலுக்குக் கீழே எல், 84 வரை ஏ, 96 வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். ஆனால் வேகம் மட்டும் போதாது. ஒரே 92 மைல் இருவர் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் மேலே போய் ஒரு கணம் நின்று, கிணற்றில் வாளி இறக்குவது போல நிதானமாக இறக்குவார். இன்னொருவர் மேலே போவதற்குள்ளேயே வெடுக்கென்று இழுப்பார். முதல்வருக்கு ஆர் சுகமாக இருக்கும். இரண்டாமவருக்கு அதே ஆர் சாட்டை மாதிரி ஆடி, பந்து இடவலமாகச் சிதறும். அவருக்கு எஸ் பொருந்தலாம்.

விறைப்பு பந்தின் பயணத்தை எப்படி மாற்றுகிறது? பந்தைத் தொடும் நேரத்தில் ஷாஃப்ட் லேசாக முன்பக்கம் வளைந்திருக்கும். நெகிழ்வான ஷாஃப்ட் கூடுதலாக வளைவதால் முகம் இன்னும் கொஞ்சம் மேல்நோக்கும், கொஞ்சம் மூடவும் செய்யும். ஆகவே பொதுவாக நெகிழ்வானது உயரம், இடப்பக்கம். விறைப்பானது தாழ்வு, வலப்பக்கம். ஆனால் இந்த மாற்றம் மக்கள் நினைப்பதைவிடச் சிறியது. பந்தும் முகமும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஷாஃப்ட் தன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுகிறது: ஹெட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது.

எடை, டார்க், கிக் பாயின்ட் இதெல்லாம்?

எடையை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் ஷாஃப்ட் 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை வருகிறது. பல கம்பெனிகள் 5-ஆர், 6-எஸ் என்று குறிப்பார்கள். முன்னால் இருப்பது எடை வகுப்பு (50 கிராம், 60 கிராம்), பின்னால் விறைப்பு. பத்து கிராம் மாறினால் கண்ணை மூடிக்கொண்டே கை சொல்லிவிடும்; விறைப்பு ஒரு படி மாறினால் பலருக்குத் தெரியவே தெரியாது. லேசான ஷாஃப்ட் எல்லோருக்கும் வேகம் தரும் என்பதும் சரியல்ல. என் நண்பர் ஒருவர் 45 கிராமுக்குப் போனார். கிளப் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கையால் வெட்டத் தொடங்கினார். 60-க்குத் திரும்பியதும் நிதானம் வந்துவிட்டது. பதினாறாவது ஓட்டையில் தோள் களைத்துப் போகிறது என்றால் இறக்குங்கள். கிளப் கைக்குக் கட்டுப்படாமல் ஓடுகிறது என்றால் ஏற்றுங்கள்.

டார்க் என்பது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும் அளவு. 2.5 டிகிரி என்றால் இறுக்கம், 5-க்கு மேல் என்றால் இளக்கம். லேசான, நெகிழ்வான ஷாஃப்டில் தானாகவே கூடுதலாக இருக்கும். கிக் பாயின்ட், வளைவு எங்கே அதிகம் என்பது. இரண்டையும் ஃபிட்டரிடம் விட்டுவிடலாம்.

டிவியில் பார்க்கும் ஆட்டக்காரரின் ஷாஃப்டையே வாங்கினால்?

பெயர் அதேதான் இருக்கும், ஷாஃப்ட் அதுவாக இருக்க வேண்டும் என்றில்லை. டிரைவர் கம்பெனிகள் விலையைக் கட்டுக்குள் வைக்கத் தனியாகச் செய்யச் சொல்லும் ஷாஃப்ட்கள் உண்டு. பெயரும் வண்ணமும் ஒன்றுபோல, உள்ளே அடுக்கும் நார் வேறு. அவை மட்டம் என்று சொல்ல மாட்டேன். 90 மைல் ஆளுக்கு அந்த இளகிய பதிப்புதான் பெரும்பாலும் பொருத்தம். 113 மைலுக்குச் செய்த அசலை வாங்கினால், பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் போய் விழும். நண்பர்கள் பெயின்டைப் பாராட்டுவார்கள்.

என் பந்து ஸ்லைஸ் ஆகிறது (வலப்பக்கம் வளைந்து போகிறது). டிரைவர் மாற்றினால் சரியாகுமா?

கொஞ்சம். ஹீல் பக்கம் எடை வைத்த, டிராவுக்கு (இடப்பக்க வளைவு) சாய்ந்த ஹெட்கள் இருக்கின்றன. அவை வலப்பக்கம் போகும் பந்தைப் பத்துப் பதினைந்து யார்டு உள்ளே இழுக்கலாம். பக்கத்து ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதை) விழும் பந்தை இழுக்காது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் பார்க்கும் திசை. வளைவது, முகத்துக்கும் ஹெட் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோச்சிடம் போங்கள். ஹீலில் படுவதால்தான் ஸ்லைஸ் என்றால் மேலே சொன்ன சாக்பீஸ் வைத்தியம்.

கழுத்தில் திருகிச் சரிசெய்யும் டிரைவர் வாங்கலாமா?

தாராளமாக. பொதுவாக லாஃப்டை இரண்டு டிகிரி வரை மேலே கீழே நகர்த்தலாம். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: லாஃப்டைக் கூட்டினால் முகம் லேசாக மூடும், குறைத்தால் திறக்கும். ஸ்லைஸ் அடிக்கிறவர் தூரம் வேண்டும் என்று 10.5-ஐ 9-க்கு இறக்கினால் முகம் திறந்து ஸ்லைஸ் இன்னும் கூடும். நான் பார்த்தவரை பாதிப் பேர் செய்வது இதுதான்.

திருகும்போது அதனுடன் வந்த சாவியால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். போட்டி ரவுண்டின் நடுவில் திருகி மாற்றிய கிளப்பால் அடிக்கக் கூடாது, விதிமீறல்.

ஹெட்டில் எதைப் பார்ப்பது?

கொள்ளளவு 460 சிசிதான் விதியின் உச்சம். பெரும்பாலானவை அதைத் தொட்டுவிட்டன. எனவே வித்தியாசம் எடையை எங்கே வைத்தார்கள் என்பதில். பின்னால் தள்ளி வைத்தால் ஓரத்தில் பட்டாலும் ஹெட் அதிகம் திரும்பாது. முன்னால் வைத்தால் சுழற்சி குறையும், மன்னிப்பும் குறையும். திரும்பாமல் நிற்கும் குணத்தை எம்ஓஐ என்ற எண்ணால் சொல்வார்கள். 2024-இல் பிங் கம்பெனி இரண்டு அச்சுகளின் எம்ஓஐயையும் கூட்டி 10,000-ஐத் தாண்டியதாக ஜி430 மேக்ஸ் 10கே என்ற ஹெட்டைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போகின்றன. பெயரில் ‘மேக்ஸ்’ இருப்பவை பொதுவாக மன்னிக்கும் வகை, ‘எல்எஸ்’ இருப்பவை சுழற்சி குறைந்த வகை. நமக்கு மேக்ஸ்.

ஃபிட்டிங்குக்குப் போனால் என்ன நடக்கும்? எப்படித் தயாராவது?

சொந்த ஷூ, சொந்தக் கையுறை, இப்போதைய டிரைவர் மூன்றையும் கொண்டுபோங்கள். பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் எண்களைப் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் டிரைவரிலேயே எட்டுப் பத்து பந்து. புதியது எதுவாக இருந்தாலும் அதை வெல்ல வேண்டும், அவ்வளவுதான் போட்டி.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஹெட்டையும் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. என்னுடைய வரிசை: நீளம், ஹெட்டும் லாஃப்டும், ஷாஃப்டின் எடை, கடைசியாக விறைப்பு.

திரையில் வரும் இருபது எண்களில் நாலைப் பார்த்தால் போதும்: பந்து வேகம், கிளம்பும் கோணம், பின்சுழற்சி, பக்கவாட்டுச் சிதறல். 90 மைல் ஆளுக்கு 13-லிருந்து 15 டிகிரி, நிமிடத்துக்கு 2,300-லிருந்து 2,800 சுழற்சி என்றால் நல்ல நிலை. ஒரே ஒரு பந்து 240 யார்டு போனதைக் காட்டி விற்கப் பார்ப்பார்கள். நீங்கள் பத்தில் மோசமான மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். மோசமானது எவ்வளவு மோசம் என்பதுதான் ஸ்கோர் கார்டில் ஏறுகிறது.

இன்னொன்று: உள்ளரங்கில் ரேடார் வகைக் கருவி சுழற்சியை நேரடியாக அளக்க, பந்தில் உலோகப் புள்ளி ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கென்றே செய்த பந்து வேண்டும். இல்லாவிட்டால் அது கணக்குப் போட்டு ஊகித்த எண். கேட்டுவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். நாற்பது பந்துக்கு மேல் போனால் களைப்பில் வரும் எண்களுக்கு மதிப்பில்லை. மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு, அறுபது தாண்டியவர்களுக்குத் தனி டிரைவரா?

லேபிளைப் பார்த்து வாங்க வேண்டாம். 85 மைலில் சுற்றும் பெண்ணுக்கு ‘லேடீஸ்’ ஷாஃப்ட் நூலாக இருக்கும். 75 மைலில் சுற்றும் மாமாவுக்கு ‘ரெகுலர்’ கடப்பாரையாக இருக்கும். ஏ என்ற எழுத்தைச் ‘சீனியர்’ என்று பெயரிட்டு விற்றதால் ஐம்பது வயதுக்காரர்கள் தொடவே கூசுகிறார்கள். அது வயதுச் சான்றிதழ் அல்ல.

எட்டு வருடப் பழைய டிரைவர். புதியது எத்தனை யார்டு கூட்டும்?

நடுவில் பட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முகம் பந்தை எவ்வளவு துள்ளவிடலாம் என்பதற்கு 2000-களிலேயே வரம்பு வந்துவிட்டது, கம்பெனிகளும் அப்போதே அதைத் தொட்டுவிட்டன. வளர்ச்சி எல்லாம் ஓரத்தில் பட்ட பந்துகளுக்குத்தான். பழைய ஹெட்டுக்குப் பொருந்தும் லாஃப்டும் நீளமும் அமைந்துவிட்டால், அரை லட்சம் ரூபாயைத் தொடும் புது டிரைவரைவிட அது நல்ல செலவு.

ஊட்டியில் ஆடும்போது பந்து வேறு மாதிரி போகிறதே?

போகும். ஊட்டி 2,200 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. சமவெளியில் 200 யார்டு போகும் பந்து அங்கே எட்டு சதவீதம் போலக் கூடுதலாகப் போகும். சுழற்சிக்குப் பிடிப்பு குறைவதால் ஸ்லைஸும் கொஞ்சம் நிமிரும். அந்தச் சந்தோஷத்தில் மலையேறிய வாரத்திலேயே டிரைவர் வாங்கிவிடாதீர்கள்.

சென்னைப் புழுக்கத்தில் காற்று கனமாகிப் பந்தை இழுக்கிறது என்பார்கள். உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. தூரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வியர்வைதான் எதிரி. கிரிப் வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும், தோள் விறைக்கும், ஸ்விங் கெடும். வருடம் ஒருமுறை கிரிப் மாற்றுங்கள். நூல் கலந்த கார்ட் கிரிப் நம் வெயிலுக்கு ஏற்றது. இரண்டு கையுறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

புது மாடல் பாதி விலைக்கு வந்தால் போலி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணை டிரைவர் கம்பெனியிடம் சரிபார்க்கலாம். அசலாகவே இருந்தாலும் விதிக்கு உட்படாத, கூடுதலாகத் துள்ளும் முகம் கொண்ட ஹெட்களும் விற்பனைக்கு வருகின்றன. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் இரண்டும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் ஹெட்களின் பட்டியலை வெளியிடுகின்றன. போட்டியில் ஆடுகிறவர்கள் அதில் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

டிரைவர் இல்லாமலே ஆடக் கூடாதா?

ஆடலாம். பையில் 14 கிளப் வைக்கலாம் என்பதுதான் விதி, டிரைவர் அதில் கட்டாயம் இல்லை. மிக்கெல்சனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2006 மாஸ்டர்ஸை பையில் இரண்டு டிரைவர் வைத்துக்கொண்டு வென்றார், ஒன்று வலப்பக்கம் வளைக்க, ஒன்று இடப்பக்கம். 2013-இல் முயர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றபோது டிரைவரே இல்லை. உங்கள் மைதானம் குறுகலானதென்றால் டிரைவருக்கு அடுத்த மட்டையான 3-வுட் போதும். சுமார் 300 சிசி ஹெட், 44 அங்குலத்துக்குள் நீளம் என்று மினி டிரைவர்களும் வருகின்றன. எனக்கு இப்போது அதன் மேல் ஒரு கண்.

பழைய ஷாஃப்ட் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. புது ஹெட்டில் மாட்டலாமா?

அதே கம்பெனி என்றால் பெரும்பாலும் மாட்டலாம், தலைமுறை ஒத்துப்போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி என்றால் அடியில் இருக்கும் ஸ்லீவ் (ஹெட்டில் நுழையும் உறை) பொருந்தாது. சூடுபடுத்திக் கழற்றி, புது ஸ்லீவ் ஒட்ட வேண்டும். எப்பாக்ஸி காய ஒரு நாள் விடுவார்கள். கிராஃபைட்டைச் சூடாக்கும்போது கைப்பழக்கம் இல்லாதவர் நாரைக் கருக்கிவிடுவார், ஆகவே வீட்டுச் சமையலறையில் முயல வேண்டாம். ஒட்டி முடித்ததும் நீளத்தை ஒருமுறை அளந்து வாங்குங்கள். ஸ்லீவ் மாறினால் கால் அங்குலம், அரை அங்குலம் கூடிவிடுவது சகஜம், அப்புறம் மறுபடியும் சாக்பீஸ் தேட வேண்டியிருக்கும்.